நாலு நினைத்தோம், பதினேழு வந்தது!

"நாலே நாலு பெட்டைக் கோழி. அதற்குமேல் ஒன்றுகூட வேண்டாம்" என்று சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பிரேரேபித்தவர் என் மாமியார். ஆமோதித்தவள் நான். என் கணவர் வழக்கம்போல் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே "சரி" என்றார். ஏழு வயது மகளுக்கு மட்டும் வோட்டு இல்லை. அவளைக் கேட்காமல் விட்டது எவ்வளவு பெரிய பிசகு என்பது பிறகுதான் தெரிந்தது.

தாம்பரத்துக்கு அப்பால் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. பின்னால் ஒரு முருங்கை மரம், ஒரு வாழைக் கொத்து, துணி உலர்த்தக் கொஞ்சம் இடம். இவை போகக் கோழிக்கென்று நாங்கள் வலை கட்டி ஒதுக்கிய இடம் 10 அடி நீளம், 5 அடி அகலம். நன்றாக வளர்ந்த கோழி ஒன்றுக்குக் கூட்டுக்குள்ளே 2 சதுர அடியும், வெளியே கிளறித் திரிய 10 சதுர அடியும் இருந்தால் அது நோய் நொடி இல்லாமல், ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்கும். அப்படிப் பார்த்தால் 50 சதுர அடிக்கு ஐந்து கோழி. ஏற்கெனவே இருந்தது ஒன்று. வரவேண்டியவை நான்கு. கணக்கு எத்தனை சுத்தமாக இருக்கிறது, பார்த்தீர்களா?

இருந்த அந்த ஒரு கோழி ஆடி பிறந்ததும் முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. கூட்டை விட்டு எழுந்திருப்பதில்லை. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கேறியது. "அடைக்கு உட்கார்ந்துட்டா" என்றார் அத்தை.

"அப்படியானால் ரொம்ப நல்லதாயிற்று. அது இட்ட முட்டையே பத்து இருக்கிறதே, அதையே வைத்துவிடலாம்" என்றேன் நான்.

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் என் காலேஜ் படிப்பு முழுவதும் கரைந்து போயிற்று. "சேவலையே பார்க்காத கோழியோட முட்டையிலே குஞ்சு எங்கேயிருந்தும்மா வரும்?"

வாஸ்தவம்தான். கோழி முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. முட்டை குஞ்சாவதற்குத்தான் சேவல் வேண்டும். இந்தச் சின்ன சங்கதி தெரியாமல், "சேவல் இல்லாவிட்டால் முட்டை கிடைக்காதே" என்று ஒரு சேவலையும் சேர்த்து வாங்கி, பிறகு குஞ்சுகள் பெருகிப்போய் விழிக்கிற வீடுகள் எத்தனையோ! முட்டை மட்டும் போதும் என்கிறவர்கள் சேவலே வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் முதல் புத்திசாலித்தனம். தினமும் முட்டையை எடுத்துவிடுவது இரண்டாவது. அப்படியும் அடைக்கு உட்கார்ந்துவிட்டால், காற்று அடியிலும் புகும்படியான கம்பிக் கூண்டில் தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நாலு நாள் விட்டால் போதும், அடை தெளிந்துவிடும்.

நாங்கள் இந்த மூன்றில் எதையும் செய்யவில்லை. அத்தை திண்டிவனம் பக்கத்திலுள்ள தம் ஊருக்குப் போய், ஒரு கூடைத் தவிட்டில் புதைத்து 13 முட்டைகள் கொண்டுவந்தார். ஒற்றைப்படையில்தான் வைக்கவேண்டுமாம்.

"நாலு கோழிக்கு எதற்கு அத்தை பதின்மூன்று?"

"பாதி கூமுட்டையாப் போகும். பொரிஞ்சதிலே பாதியைக் காக்காய் கொண்டுபோகும். மிச்சத்திலே சேவல் போக, நாலு நின்னா உன் அதிர்ஷ்டம்."

21-ம் நாள் விடியற்காலையில் கூட்டுக்குள்ளிருந்து கீச் கீச்சென்று சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் ஓடினோம். கூமுட்டை இரண்டே இரண்டு. மற்றப் பதினொன்றும் பொரிந்துவிட்டன! நஷ்டத்துக்கு அத்தனை கவனமாகத் திட்டம் போட்டிருந்த எங்களுக்கு லாபம் வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

மாமன் கொண்டுவந்த சீர்

மூன்றாம் நாள் என் தம்பி வந்தான். கையில் ஓர் அட்டைப் பெட்டி. பெட்டியில் பச்சை, ரோஜா, மஞ்சள் என்று சாயம் பூசிய ஆறு குஞ்சுகள். சந்தையில் விற்றுக்கொண்டிருந்தார்களாம், பார்க்க அழகாக இருந்ததாம், மருமகள் ஞாபகம் வந்ததாம். மருமகள் ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அந்தக் கூச்சலுக்குப் பிறகு, "எடுத்துக்கொண்டு போ" என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

இந்த வண்ணக் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். முட்டைக்கென்றே வளர்க்கும் கோழி இனத்தில் பெட்டைக்குத்தான் மதிப்பு. சேவல் முட்டையிடாது, கறிக்கென்று வளர்த்தாலும் சீக்கிரத்தில் சதை பிடிக்காது. ஆகவே குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் முதல் நாளே ஆண், பெண் பிரித்துவிடுகிறார்கள். ஒரு நாள் குஞ்சைத் திருப்பிப் பிடித்துப் பார்த்து இனம் சொல்லும் வித்தையை 1920-களில் ஜப்பானியர்கள் கண்டுபிடித்து உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிரித்த பிறகு ஆண் குஞ்சுகளை அன்றைக்கே கொன்றுவிடுவது பல நாடுகளில் வழக்கம். ஜெர்மனி 2022-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து இதைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. நம் ஊரில் அவற்றில் ஒரு பங்கு சாயத்தில் குளித்துவிட்டுச் சந்தைக்கு வருகிறது. ஆகவே, சகோதரிகளே, குழந்தை ஆசைப்படுகிறதே என்று வண்ணக் குஞ்சு வாங்கினால், அநேகமாக அது சேவலாகத்தான் இருக்கும். சாயம் சில வாரத்தில் இறகோடு போய்விடும். கூவல் மட்டும் போகாது!

11-ம் 6-ம் 17. நாங்கள் நினைத்ததோ நான்கு.

அந்த ஒரு இரவு

அத்தை சொன்னது இதுதான்: "இருட்டினப்புறம் ஒவ்வொண்ணா எடுத்துத் தாய்க்கோழியோட இறக்கைக்கு அடியிலே விட்டுடு. ஒரே வயசுக் குஞ்சுங்கதானே, விடிஞ்சா தன்னோடதுன்னு சேர்த்துக்கும்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. சந்தைக் குஞ்சுகளுக்கு என்ன சீக்கு இருக்கிறதோ, அது நம் பதினொன்றுக்கும் தொற்றிக்கொண்டால்? புதிதாக வந்ததைக் கொஞ்ச நாள் தனியே வைக்கவேண்டும் என்று படித்திருக்கிறேனே! படித்தது தப்பு அல்ல. ஆனால் தனியே வைப்பது எப்படி என்று படித்தேனா என்றால், இல்லை.

முதலில் குண்டு பல்புக்கு அலைந்தேன். இப்போது வீட்டில் எரிவதெல்லாம் எல்.இ.டி. விளக்குகள். அவற்றில் வெளிச்சம் உண்டே தவிரக் குஞ்சுக்கு வேண்டிய வெப்பம் இல்லை. மூன்று கடை ஏறி இறங்கி 60 வாட் குண்டு பல்பு ஒன்று வாங்கி வந்தேன். ஆறு குஞ்சுகளையும் அதே அட்டைப் பெட்டியில் விட்டு, மேலே பல்பைக் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு நாள் எல்லாம் பிரமாதமாக நடந்தது.

மூன்றாம் நாள் இரவு இடியும் மழையும். பத்தரை மணிக்கு மின்சாரம் போயிற்று. "இதோ வந்துவிடும்" என்று நினைத்தபடியே நான் தூங்கிப்போனேன். அது விடியும்போதுதான் வந்தது.

காலையில் பெட்டியைத் திறந்தவள் என் மகள். குளிர் தாங்காமல் ஆறு குஞ்சுகளும் ஒரு மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. அடியில் அகப்பட்ட மூன்றும் மூச்சு முட்டிச் செத்துப்போயிருந்தன. பச்சை ஒன்று, ரோஜா இரண்டு. அவள் அழவில்லை. "அம்மா, நீ ராத்திரி வந்து பார்க்கலையா?" என்று மட்டும் கேட்டாள். இதை எழுதும்போதுகூட எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

கால்நடை மருந்தகத்து டாக்டர் அம்மாள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் சொன்னதை முதல் நாளே கேட்டிருந்தால் அந்த மூன்றும் இருந்திருக்கும். உங்களுக்காவது பயன்படட்டும்:

குஞ்சு விடும் இடத்துக்கு மூலையே இருக்கக் கூடாது. அட்டையையோ தகரத்தையோ வட்டமாக வளைத்துக் கட்டவேண்டும். அடியில் நெல் உமியை இரண்டு அங்குலம் பரப்பவேண்டும். முதல் வாரம் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே போகலாம். வெப்பமானி இல்லையா? குஞ்சுகளையே பாருங்கள். விளக்கடியில் நெருக்கியடித்துக் கிடந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். விளக்கை விட்டு ஓரமாக ஓடி வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு அதிகம். வட்டம் முழுவதும் பரவி மேய்ந்தால் எல்லாம் சரி. மின்சாரம் போனால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவே வைத்துவிட்டு, இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து பார்க்கவேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வைக்கவேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து மூழ்கிவிடும்.

மீந்த மூன்று குஞ்சுகளையும் அன்று இரவே அத்தை தாய்க்கோழியின் சிறகுக்கடியில் விட்டார். விடிந்து பார்த்தால் பதினொன்றும் மூன்றும் ஒன்றாகத் திரிந்துகொண்டிருந்தன. சீக்கு ஒன்றும் தொற்றவில்லை. அது என் சாமர்த்தியம் அல்ல; அதிர்ஷ்டம்.

தீனிக் கணக்கும் ஊசிக் கணக்கும்

குஞ்சுகள் தின்பது முதலில் கண்ணுக்கே தெரியாது. ஒரு கைப்பிடி நொய், கொஞ்சம் குஞ்சுத் தீவனம், அவ்வளவுதான். இதை நம்பித்தான் நாம் ஏமாந்துபோகிறோம். வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் தீனி தின்னும். நாலு கோழிக்கு மாதம் 12 கிலோ. பதினேழாக இருந்தால் மாதம் 51 கிலோ! சமையலறைக் கழிவும் கீரைத் தண்டும் போட்டு இதில் கொஞ்சம் குறைக்கலாமே தவிர, மீதியைக் கடையில்தான் வாங்கவேண்டும். குஞ்சு சும்மா கிடைத்தது என்பார்கள். குஞ்சுதான் சும்மா, கோழி சும்மா அல்ல.

அடுத்தது தடுப்பு மருந்து. வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் நோய்க்குப் புத்தகங்களில் ராணிக்கெட் என்று பெயர். இங்கிலாந்தில் நியூகாஸில் என்ற ஊரில் 1926-ல் கண்டறிந்த அதே நோய், மறு வருஷம் நம் இமயமலைப் பக்கத்து ராணிக்கெட்டில் தெரியவந்தது. வந்துவிட்டால் மருந்து கிடையாது. ஒரே வாரத்தில் கொல்லைப்புறம் காலியாகிவிடும். ஆகவே பிறந்து ஏழு நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரத்தில் ஓர் ஊசி. பிப்ரவரி மாதத்தில் அரசாங்கம் கிராமங்களில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். மற்றக் காலங்களில் கால்நடை மருந்தகத்தில் விசாரிக்கலாம். ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்குக்கூடக் காணும். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடவேண்டும். ஆகவே அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போடுவது நல்லது. எங்கள் தெருவில் மூன்று வீட்டில் கோழி இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடுவில் ஒரு நாள் காக்கை ஒரு குஞ்சைக் கொண்டுபோயிற்று. அத்தை எதிர்பார்த்தபடி பாதி அல்ல, ஒன்றே ஒன்று. மீதி 13.

கூவத் தொடங்கினார்கள்

ஐந்தாறு வாரத்தில் கொண்டையைப் பார்த்தே இனம் சொல்லிவிடலாம். சிலதுக்குக் கொண்டை சிவந்து தடிக்க ஆரம்பித்தது. என் மகள் எண்ணிக்கொண்டு வந்து சொன்னாள்: "ஒன்பது அண்ணன், நாலு அக்கா!" நாட்டுக் குஞ்சில் ஆறு சேவல், நாலு பெட்டை. வண்ணக் குஞ்சு மூன்றும் சாட்சாத் சேவல்.

அத்தை முதல் நாளே ஓர் எச்சரிக்கை செய்திருந்தார்: "பேர் வைக்காதீங்க. பேர் வெச்ச கோழியை விற்கவும் முடியாது, குழம்பு வைக்கவும் முடியாது." அதற்குள் பதின்மூன்றுக்கும் நாமகரணம் ஆகிவிட்டிருந்தது.

மார்கழியில் முதல் சேவல் கூவியது. எல்லோரும் கைதட்டினோம். அடுத்த வாரம் நாலு கூவின. அதற்கடுத்த வாரம் ஒன்பதும் போட்டி போட்டுக்கொண்டு காலை மூன்றரை மணிக்கே பஜனையைத் தொடங்கின. ஒன்றை ஒன்று துரத்திக் கொத்தி, கொண்டையெல்லாம் ரத்தம். பெட்டைகள் பயந்து மூலையில் ஒடுங்கின. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது கணக்கு. எங்கள் வீட்டிலோ தாய்க்கோழியையும் சேர்த்து ஐந்து பெட்டைக்கு ஒன்பது சேவல்!

அடுத்த வீட்டுப் பிள்ளை ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ராத்திரி வேலை செய்கிறவர். மூன்று மணிக்கு வேலை முடிந்து கண்ணை மூடுவார். மூன்றரைக்கு எங்கள் கச்சேரி ஆரம்பம். பரம சாது. சண்டைக்கு வரவில்லை. ஒரு நாள் வேலியோரம் நின்று, "அக்கா, இதுங்களுக்கு ஸ்விட்ச் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். கண்கள் இரண்டும் கோவைப் பழம். எனக்கு வெட்கமாகப் போயிற்று. நம் வீட்டுச் செல்லம் அடுத்த வீட்டுக்குச் சித்திரவதை ஆகலாமா?

வாரம்

எங்கள் தெருவுக்கு நாள் தவறாமல் கீரை கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி உண்டு. ஏழெட்டு மைல் தள்ளி ஒரு கிராமத்திலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் வருகிறவள். "ஒன்பது சேவல் இருக்கின்றன. உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளேன். காசு வேண்டாம்" என்றேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "சேவலை மட்டும் கொடுக்கறீங்களே அம்மா, அது முட்டையா போடும்? உங்க வீட்டிலே தீனி தின்னா உங்களுக்குக் காசு. என் வீட்டிலே தின்னா எனக்குக் காசு இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே வந்ததும் அத்தை மெதுவாகச் சொன்னார்: "அவ சொன்னதிலே என்ன தப்பு? வேண்டாததை ஒருத்தர் தலையிலே கட்டுறதுக்குக் கொடுக்கிறதுன்னு பேர் இல்லேம்மா. தள்ளிவிடுறதுன்னு பேர். ஒரு சேவல் கொடுத்தா கூடவே ரெண்டு பெட்டையும் கொடு."

பெட்டையா! இந்த நாலு பெட்டைக்காகத்தானே ஆடியிலிருந்து இத்தனை பாடு? இரண்டு வாரத்தில் முட்டையிடத் தொடங்கப்போகிறவை. தீனி போட்டது நான். ராத்திரி எழுந்து பார்த்தது நான். பலன் வரும்போது பாதியைத் தூக்கிக் கொடுப்பதா? அன்று முழுவதும் எனக்கு மனசே சரியாக இல்லை. ஒன்று மட்டும் புரிந்தது. அத்தனை நாளும் நான் "அதிகம், அதிகம்" என்று புலம்பியது எனக்கு வேண்டாதவற்றைப் பற்றித்தான். வேண்டியதில் ஒன்றுகூட எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை.

மறுநாள் கீரைக்கார அம்மாளிடம் இரண்டு பெட்டை, ஒரு சேவல் என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "சும்மா வாங்கிட்டுப் போனா எனக்கும் பாரமா இருக்கும்மா. வாரத்துக்குக் கொடுங்க" என்றாள்.

நகரத்தில் வளர்ந்த சகோதரிகளுக்கு வாரம் என்றால் தெரியாமல் இருக்கலாம். ஆடோ மாடோ கோழியோ, உடையவர் கொடுப்பார், மற்றவர் வளர்ப்பார், ஈன்ற குட்டியிலோ பொரிந்த குஞ்சிலோ ஆளுக்குப் பாதி. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, வாய்ச்சொல்தான். கொடுத்தவருக்குக் கர்வம் வராது, வாங்கியவருக்குத் தலை குனியாது. நம் கிராமங்களில் எத்தனை அழகான ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள்!

மற்ற எட்டுச் சேவல்களுக்கும் வழி பிறந்தது. வண்ணச் சேவல் மூன்றையும் கொண்டுவந்த தாய்மாமனே கொண்டுபோனான். அவன் குடியிருப்பது மூன்றாம் மாடியில். ஒரு சிநேகிதருடைய தென்னந்தோப்பில் விடுவதற்கு அவர் காலைப் பிடித்தானாம். இனிமேல் சந்தைப் பக்கம் போனால் பொம்மைதான் வாங்குவான். மீதி ஐந்தையும் அடுத்த தெருவில் ஒருவர் பொங்கலுக்கு மறுநாள் விலைக்கு வாங்கிக்கொண்டார்.

"அவங்க வீட்டிலே அதை வளர்ப்பாங்களாம்மா?" என்று மகள் கேட்டாள். "ஆமாம், பெரிய தோட்டம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டார். "சாப்பிடத்தான் கண்ணு வாங்கிட்டுப் போறாங்க. நம்மகிட்டே இடம் இல்லே. ஒண்ணை ஒண்ணு கொத்திக்கிட்டுச் சாகும். அதுக்குத்தான் கொடுக்கிறோம்."

இரண்டு நாள் அவள் எங்களோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "இனிமே எத்தனை முட்டை அடை வைக்கிறதுன்னு என்னையும் கேட்கணும்" என்றாள். ஆடி மாதத்தில் செய்த பிசகை அன்று திருத்தினோம். ஏழு வயதுக்கு வோட்டு கொடுத்தாயிற்று.

ஆக, நினைத்தது நாலு, வந்தது பதினேழு, நின்றது தாய்க்கோழியோடு சேர்த்து மூன்று. பின்கட்டு விசாலமாக இருந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கண் சிவப்பு தெளிந்தது.

சித்திரை மாதம் ஒரு நாள் காலை. கீரைக்கார அம்மாள் தலையில் வழக்கமான கூடை. இடுப்பில் இன்னொரு சின்னக் கூடை. இறக்கி வைத்தாள். கீச் கீச்! ஆறு குஞ்சுகள்!

"பன்னிரண்டு பொரிஞ்சதும்மா. உங்க பாதி."

எனக்கு வயிற்றில் பகீர் என்றது. அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். என் கணவர் அன்றைக்கு முதல் தடவையாகப் பேப்பரிலிருந்து தலையை எடுத்தார். எல்லோரும் என் மகளைப் பார்த்தோம். அவள் கூடைக்குப் பக்கத்தில் குந்தி, ஒவ்வொன்றையும் விரலால் தடவிக் கொடுத்தாள். கண்ணில் ஆசை வழிகிறது. எழுந்தாள்.

"வேண்டாம் பாட்டி. எங்களுக்கு இடம் இல்லே. தாய்க்கோழிகிட்டயே இருக்கட்டும்."

கீரைக்கார அம்மாளுக்குச் சம்மதமில்லை. பேச்சு என்றால் பேச்சு; வாரம் என்றால் வாரம். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். குஞ்சுக்குப் பதில் முட்டையாகக் கழித்துவிடுகிறாளாம்.

அது முதல் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வரும் முளைக்கீரைக் கட்டோடு, வாழை இலையில் பொதிந்த இரண்டு முட்டையும் வருகிறது. கொடுக்க மனசில்லாமல் நான் ஒரு நாள் முழுவதும் தவித்தேனே, அந்த இரண்டு பெட்டைகள் இட்ட முட்டை.